லுவான் கொட்டிய உம்

காவல் நிலையத்து அதிகாரி ஷிமோமுரா எழுதிக்கொண்டே பேசினார். அவர் மூச்சு விட நிறுத்திய இடத்திலெல்லாம் லுவான் தலையை ஆட்டி "உம்" கொட்டினான்.

வியட்நாமிலிருந்து ஜப்பானுக்கு வந்து சாப்பாட்டுப் பெட்டி அடைக்கும் ஆலையில் வேலை செய்பவன் லுவான். மாலை வகுப்பில் படித்த ஜப்பானிய மொழியில் பாதி அவன் தலையில் தங்கவில்லை. குவபாரா டீச்சர் சொன்ன ஒன்று மட்டும் தங்கிவிட்டது. "யாராச்சும் பேசுறப்ப கல்லு மாதிரி உட்காராதீங்க. உம் கொட்டுங்க. இல்லேன்னா நீங்க செத்துட்டீங்களோன்னு எங்க ஆளுங்களுக்குச் சந்தேகம் வந்துரும்."

புயல் அடித்த இரவில், நூடுல்ஸ் கடை வாசலில் ராசிக்காக வைத்திருந்த, தனுக்கி என்ற காட்டுநாயின் தொப்பை பெருத்த மண்பொம்மை காணாமல் போயிருந்தது. லுவான் அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் போவது தெருமுனைக் கேமராவில் பதிவாகியிருந்தது. திருட்டு என்று எழுதிவிட்டால் விசா நீளாது. ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மொழிபெயர்ப்பாளர் துயெத், மேசைமேல் இருந்த போனின் ஸ்பீக்கரில் இருந்தாள். நடந்ததை லுவான் முதலிலேயே தன் மொழியில் சொல்லிவிட்டான்: பொம்மை நடுரோட்டில் உருண்டுகொண்டிருந்தது, லாரி ஏறிவிடுமே என்று தூக்கி, பக்கத்தில் தெரிந்த கடை வாசலில் நிறுத்தினான். துயெத் அதை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொல்ல ஷிமோமுரா "உம்... உம்... அப்படியா" என்றார். நம்பிவிட்டார் என்று லுவானுக்கு நெஞ்சு நிறைந்தது.

இப்போது அவர் முறை.

"பொம்மை மேல ஆசைப்பட்டீங்க."

"உம்."

"யாரும் பார்க்கலைன்னு தூக்கினீங்க."

"உம்."

"எங்கேயோ ஒளிச்சு வச்சுட்டீங்க."

"உம்!"

இப்படி ஒத்துழைக்கும் ஆளை ஷிமோமுரா பார்த்ததே இல்லை. தேநீர்கூட ஊற்றிக் கொடுத்தார்.

"சார், நீங்க சொன்னதை நான் இன்னும் அவருக்குச் சொல்லவே இல்லையே!" என்று போன் கத்தியது. "அவரு எதுக்கு உம் கொட்டுறாரு?"

"நான் சொன்னதுக்குத்தாம்மா. அவருக்கு நல்லாவே புரியுது."

"அப்படின்னா சம்பந்தமில்லாம ஏதாவது சொல்லிப் பாருங்க."

ஷிமோமுரா தொண்டையைச் செருமினார். "இந்த ஊரு மேயர் நீங்கதான்."

"உம்."

"நேத்து நிலாவைப் பொரிச்சுத் தின்னீங்க."

"உம், உம்."

"என் மாமியாரைக் கட்டிக்கப் போறீங்க."

"அப்படியா!" என்றான் லுவான், மரியாதை பொங்க.

பக்கத்து மேசைப் பெண் போலீஸ் முகத்தைக் கோப்புக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

துயெத் வியட்நாமிய மொழிக்கு மாறினாள். "தம்பி, திருடினேன்னு ஒத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கியே!"

லுவான் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தான். "ஐயோ அக்கா, காது கொடுத்துக் கேட்கிறேன்னுதானே காட்டினேன்! நான் சொன்னதுக்கு அவரும்தான் உம் கொட்டினாரு. அப்ப பொம்மையை நான் காப்பாத்தினேன்னு அவரும் ஒத்துக்கிட்டாரா?"

துயெத் அதை ஒரு சொல் விடாமல் அதிகாரிக்குச் சொன்னாள். ஷிமோமுரா உம் கொட்ட வாயெடுத்து, பாதியில் மூடிக்கொண்டார்.

பெண் போலீஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நூடுல்ஸ் கடைக்கு அடுத்த பன்றிக்கறி வறுவல் கடை வாசலில், இடுப்பில் ஏப்ரன் கட்டி, பொம்மை நின்றுகொண்டிருந்ததாம். "தானா நடந்து வந்த சாமின்னு கடைக்காரர் சொல்றாரு. வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போவுதாம். திருப்பித் தர மனசே இல்லை."

ஷிமோமுரா வாக்குமூலத்தைப் புதிதாக எழுதினார். வேகமாகப் படித்துக் காட்டிவிட்டு, கைரேகை வைக்க மைப்பெட்டியை நகர்த்தினார். லுவானின் கழுத்து தானாக அசையத் தொடங்கியது. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து நிறுத்தினான்.

"அக்கா, எனக்கு ஒவ்வொரு வரியா சொல்லுங்க."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அதைப் பார்த்ததும் லுவானுக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தும் கையை மைக்குப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை.

துயெத் கடைசி வரிக்கு வந்தாள். "கவனக்குறைவால் வேறு கடையில் வைத்துவிட்டேன்."

"இல்லை."

அறையே நிமிர்ந்து பார்த்தது. லுவான் போன் பக்கம் குனிந்தான்.

"கவனக்குறைவு இல்லக்கா. கடைப் பலகையையே காத்து பிச்சுட்டுப் போயிருச்சு, எது யாரு கடைன்னு எப்படித் தெரியும்? காத்துன்னு எழுதச் சொல்லுங்க."

ஷிமோமுரா பெருமூச்சு விட்டு, ஒரு வார்த்தையை அடித்து இன்னொன்றை எழுதினார். துயெத் அந்த வரியை மறுபடி சொன்னாள். அதன் பிறகே லுவான் விரலை மையில் வைத்தான்.