வலது கைகளுக்கான பயிற்சி

எங்கள் மாவட்டத்தில் கணித ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி என்றால் வலது கை மட்டும் வந்தால் போதும். மீதி ஆள் பள்ளியிலேயே இருந்து வகுப்பெடுக்க வேண்டும். பயிற்சி பயிற்சி என்று பாடம் கெடுகிறதே எனப் பெற்றோர் குறைப்பட்டதிலிருந்து இப்படித்தான்.

கைகள் காலைப் பேருந்துகளில் வந்து இறங்கும். நான் பயிற்சி மையத்தின் இரவுக் காவலாளி. வீட்டுக்குப் போனாலும் தூக்கம் வராது என்பதால், அவற்றை வாங்கி பெஞ்சில் வரிசையாக வைப்பேன். டீ கொடுத்தால் டம்ளரைப் பிடித்தபடி அப்படியே இருக்கும். குடிப்பதற்கு எதுவும் கூட வரவில்லையே.

பயிற்சியாளர் மகுடபதி, ஸ்மார்ட் போர்டில் படத்தைத் தள்ளுவதையும் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவதையும் சொல்லிக்கொடுத்தார். மின்சாரம் போனால் சுவரில் பழகின. கைகள் கேள்வி கேட்பதில்லை. பயிற்சி சிறப்பாக நடந்தது என்று படம் எடுத்து அனுப்பினார்கள்.

எல்லாக் கைகளும் ஊர் திரும்பின. தில்லைநாயகி டீச்சருடையதை மட்டும், கெட்டிக்காரக் கை என்று மகுடபதி அடுத்த குழுவுக்கு உதவியாக நிறுத்திக்கொண்டார். டீச்சர் எனக்குப் போன் செய்தார்.

“அண்ணே, வர்ற வாரம் பத்தாவது பரீட்சை. கடைசி பெஞ்சுப் பிள்ளைங்க தொடுகோடு வரையிற கணக்கை மட்டும்தான் நம்பியிருக்குதுங்க. அந்த எட்டு மார்க் போச்சுன்னா ஃபெயில்தான். இடது கையில வட்டம் போட்டா பூசணிக்காயாட்டம் வருதுண்ணே.”

மகுடபதியிடம் சொன்னேன்.

“அவங்களுக்குத்தான் இன்னொரு கை இருக்கே.”

“அது எழுதுற கை இல்லையே சார்.”

“இதுவும் இப்ப எழுதுற கை இல்ல. சரி, கூட்டிட்டுப் போங்க.”

பேருந்தில் ஜன்னலோரம் வைத்தேன். வழியெல்லாம் அது கண்ணாடியைத் தள்ளிக்கொண்டே வந்தது. ஊர்கள் கொஞ்சம் சீக்கிரமாகவே கடந்து போயின.

டீச்சர் வகுப்பிலேயே கையை மாட்டிக்கொண்டு சாக்பீஸைக் கொடுத்தார். அது பிடிக்கவில்லை. இடது கையாலேயே கோணலாக ஒரு வட்டமும், வெளியே ஒரு புள்ளியும் போட்டார்.

“அந்தப் புள்ளியிலேருந்து ரெண்டு தொடுகோடு வரையணும்.”

“பின்னாடி தெரியல டீச்சர்,” என்றது கடைசி பெஞ்சு.

வலது கை தானாகப் போய் இரண்டு விரல்களை வட்டத்தில் வைத்து விரித்தது. வட்டம் கரும்பலகையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, மைதானத்தையும் தாண்டிப் போனது. பெரிதானதில் கோணல் சரியாகிவிட்டது. மையப்புள்ளி தலைமையாசிரியரின் மேசைக்கு அடியில் விழுந்தது. அவர் கால்களை ஒதுக்கிக்கொண்டார்.

“இதைச் சின்னதாக்கத் தெரியாதா அண்ணே?”

“அது அடுத்த பயிற்சியிலதான் டீச்சர்.”

டீச்சர் ஜன்னல் வழியே வட்டத்தின் ஓரம் எங்கே போகிறது என்று தேடினார். பிறகு, “ஸ்கேலை எடுங்கடா,” என்றார்.

கடைசி பெஞ்சுதான் ஸ்கேலோடு முதலில் பேருந்து ஏறியது. சந்தைப்பேட்டை தாண்டியதும் கண்டக்டர் விசில் ஊதினார்.

“முதல் தொடுபுள்ளி எல்லாம் இறங்கு. ரெண்டாவது தொடுபுள்ளிக்கு இந்த பஸ் போகாது, எதிர்ல நின்னு மாறிக்கங்க.”