பின்கதவில் மூன்று எழுத்து

பத்துப் பேர் முக்கித் தள்ளியும் கார் நகரவில்லை.

"தகட்டுல கை வெக்காதீங்க! பம்பரப் புடிச்சுத் தள்ளுங்க மாமா, பெயிண்டு மேல அமுத்தாதீங்க!" என்று மோகன்குமார் கத்திக்கொண்டிருந்தான்.

கேட்டுக்கு வெளியே ஆம்புலன்ஸ் நின்றது. அவனைப் பெற்ற நஞ்சுண்டன் அதற்குள் கிடந்தார். துடியலூரில் ஐம்பது வருசம் லேத் பட்டறை நடத்திய மனுசன். எண்பத்தொரு வயசில், நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது சொந்த வீட்டுக்குள் வர வழியில்லை. போர்ட்டிகோவை அடைத்துக்கொண்டு அவருடைய வெளிர்பச்சை அம்பாசடர் நின்றது. அது வெளியே போனால்தான் ஐஸ்பெட்டியை உள்ளே வைக்க முடியும்.

அவன் அக்கா செவ்வந்தி மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து இறங்கிப் பத்து நிமிசம்கூட ஆகவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்களை விலக்கி முன்னால் வந்தாள்.

"அப்பன் வெளிய வெயில்ல கெடக்கறாரு. உனக்குப் பெயிண்டாடா பெருசாப் போச்சு?"

"அந்தக் காலத்துப் பெயிண்டு அக்கா அது. அடுத்த மாசம் பழைய காரு ஷோ இருக்குது..."

"ஹேண்ட் பிரேக்க எடுத்தீங்களா யாராச்சும்?"

யாரும் எடுக்கவில்லை. டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் துழாவி, அவளே எடுத்துவிட்டாள். கார் முனகிக்கொண்டு உருண்டது. கதவைத் திறந்து உட்கார்ந்து எடுத்திருந்தால் இன்னும் சுலபம்தான். ஆனால் அவள் அந்தக் காருக்குள் உட்கார்ந்து நாற்பத்திரண்டு வருசம் ஆகிறது.

காம்பவுண்டுச் சுவரோரமாகச் சாமியானாவுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார்கள். பின்கதவு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்தபடி நின்றது. அதுதான் வினையாகிப் போனது.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் கோபம் உங்களுக்குப் புரியாது. நஞ்சுண்டன் தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் காரைத்தான் துடைப்பார். அடைமழை பெய்தாலும் துடைப்பார். துடைத்துத் துடைத்தே பானெட்டின் மேடும் கதவுகளின் விளிம்பும் பச்சை போய், அடிப்பூச்சின் செம்மண் நிறம் தெரிந்தது. வெயில் தின்றதைவிட அவர் கை தின்றதுதான் அதிகம்.

மோகனுக்கு ஐந்து வயசானபோது, காந்திபுரத்திலிருந்து போர்டு எழுதுகிற ஆளைக் கூட்டிவந்து, பின்கண்ணாடியில் மஞ்சள் பெயிண்டால் 'மோகன்' என்று எழுத வைத்தார். செவ்வந்திக்கு அப்போது எட்டு. கண்ணாடியில் இன்னும் நிறைய இடம் இருந்தது. அந்த ஆள் டப்பாவை மூடி, பிரஷ்ஷைத் துடைத்து, சைக்கிளில் ஏறுகிற வரைக்கும் அவள் பக்கத்திலேயே நின்றாள். அடுத்த நாள் மத்தியானம் பட்டறையிலிருந்து ஒரு ஆணியை எடுத்துவந்து, பின்கதவில் தானே எழுத ஆரம்பித்தாள். 'செவ்வ' என்று மூன்று எழுத்து முடிந்திருந்தது. அப்பா வந்துவிட்டார்.

சுவரில் காரின் பழைய பேன் பெல்ட் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து அடித்தார். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள். எழுந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "தப்புன்னு மன்னிப்புக் கேளு. கேக்கற வரைக்கும் காருல ஏறப்படாது."

அவள் கேட்கவில்லை. அவரும் விடவில்லை. தம்பி காரில் பள்ளிக்கூடம் போனான், அவள் டவுன் பஸ்ஸில் போனாள். கல்யாணத்தன்றுகூட மாமன் வேனில்தான் மண்டபத்துக்குப் போனாள். கார் மண்டபத்து வாசலில் நின்றது, ஜோடிக்காமல்.

மூன்று மாசத்துக்கு முன்னால் அவர் படுக்கையில் விழுந்ததும் பார்க்க வந்தாள். கிளம்புகிற நேரத்தில், "அப்பா, அந்த ஒரு கதவுக்கு மட்டுமாச்சும் பெயிண்ட் அடிச்சுப்போடலாங்களா?" என்றாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. "கேட்டுப்போட்டு அடிச்சுக்க" என்றார். அதோடு போனவள் இன்றைக்குத்தான் வருகிறாள்.

ஒறம்பரைச் சொந்தங்கள் வந்து நிறைந்தார்கள். செவ்வந்தியின் சித்தி ராமாமணி அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்ததும் எதிரே பார்த்தாள்.

"இதென்ன கண்ணு, கதவுல 'செவ்வ'ன்னு கீறியிருக்குது?"

மோகன்குமாரின் மகள் அக்ஷயா ஓடிவந்தாள். "அத்தை சின்ன வயசுல எழுதுனதுங்க பாட்டி. தாத்தா கடைசி வரைக்கும் அழிக்கவே உடலீங்க. காலைல போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன், பாருங்க. அத்தன பேரும் அழுவற பொம்மையா அனுப்பறாங்க."

போன் கை மாறிக் கை மாறிப் போனது. 'மகள் கிறுக்கிய பெயரை நாற்பது வருடம் அழிக்காத அப்பா' என்று எழுதி, கீழே ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தது.

அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லோரும் செவ்வந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார்கள். "குடுத்து வெச்சவ நீ." "எந்த அப்பன் இப்புடி வெச்சிருப்பான்?" "வெளிய காட்டமாட்டாரு, உள்ளுக்குள்ள அத்தன பாசம்." முதல் மூன்று பேருக்குத் தலையாட்டினாள். நான்காவதாக வந்தது பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள். "என்னப் பெத்தவரும் இருந்தாரே, என்ற பேர எங்கயாச்சும் வெச்சிருந்தாரா..." என்று அவள் ஆரம்பித்ததும் செவ்வந்தி கையை உதறிக்கொண்டாள்.

"அக்ஷயா, அத அழி."

"ஏனுங்கத்தை? எல்லாரும்..."

"அழிங்கறனல்ல!"

ஐஸ்பெட்டியைச் சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். மோகன்குமார் வந்தான். "அக்கா, புள்ள ஆசைக்குப் போட்டுருக்குது. இன்னிக்குப் போயி ஏன் கத்தறே?"

"போனையும் அழிக்கோணும், கதவையும் அழிக்கோணும். ரசாக் பாய் வரட்டும். மொத்தக் காரையும் சொரண்டி வேற பெயிண்ட் அடிக்கச் சொல்றேன்."

"உனக்குக் கிறுக்குப் புடிச்சுருச்சா? பழைய காரு கிளப்புக்காரங்க வந்து இந்தக் கதவத்தான் குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டுப் போனாங்க. தேஞ்ச பெயிண்டுலதான் காரோட வாழ்க்கையே இருக்குதுன்னாங்க. அடிச்சுட்டா அது வெறும் பழைய காரு."

"வாழ்க்கையா? யாரு வாழ்க்கடா? கண்ணாடியில இருக்கறது உன்ற பேரு. பெயிண்டுல எழுதுனது. கதவுல இருக்கறது என்ற பேரு, அதும் பாதி. அடி வாங்குன எடத்துல நின்னுபோச்சு. அத நீ ஷோவுல கொண்டுபோயி நிறுத்துவ, ஊர்ல இருக்கறவனெல்லாம் பாத்து உச்சுக் கொட்டுவானா?"

"ஏனுங்க, சித்த மெதுவாப் பேசுங்க" என்று மோகன்குமாரின் மனைவி லோகப்பிரியா அவன் தோளைத் தொட்டாள். அவன் உதறினான்.

"அடிச்சாரு, சரி. எந்த அப்பன் அடிக்கல? பாசமில்லாமயா நாப்பது வருசம் அழிக்காம வெச்சிருந்தாரு?"

"பாசமெல்லாம் ஒண்ணுமில்ல."

சொன்னது அம்மா தெய்வாத்தாள். பெட்டியின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தபடி, புருசன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

"அவ வந்து கேக்கோணும்னு வெச்சிருந்தாரு. எங்கிட்டயே சொல்லீருக்காரு. 'இருக்கட்டும், வாரப்பெல்லாம் அவளுக்கு உறுத்தோணும்'னு. அந்தக் கதவத் தொறந்துதான் நான் கோயிலுக்கும் நோம்பிக்கும் ஏறி எறங்குனேன். ஒருநா ஒரு வார்த்த கேக்கல அவர."

 

"அம்மா, இப்பப் போயி இதெல்லாம்..." என்றான் மோகன்குமார்.

"இப்பத்தானடா பேச முடியுது."

ரசாக் பாய் பதினோரு மணிக்கு மொபெட்டில் வந்தார். உக்கடத்துக்காரர். அந்தக் காருக்கு டிங்கரிங்கோ பெயிண்டோ எதுவானாலும் அவர்தான். எழுபது வயசு, முழங்கால் மடங்காது. பெட்டிக்கு முன்னால் கண்ணை மூடிச் சிறிது நேரம் நின்றுவிட்டு, வந்து காரோரம் உட்கார்ந்தார். மோகன்குமார் அவரை விடவில்லை.

"பாய், பால்வண்டிக்காரன் இந்தக் கதவுல மோதுனானே, அப்ப அப்பா என்ன சொன்னாரு? அக்காவுக்குச் சொல்லுங்க."

ரசாக் பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கதவு ஒடுங்கிப் போச்சுங்க. தட்டி எடுத்து, பெயிண்டும் கலந்துபோட்டேன். அண்ணன் வந்து, 'ரசாக்கு, அந்த மூணு எழுத்துல மட்டும் கைய வெக்காதே. கழுதையோட கையெழுத்து, இருக்கட்டும்'னாருங்க. அத உட்டுப்போட்டுச் சுத்தி அடிச்சேன்."

"கேட்டியாக்கா! கழுதைன்னு செல்லமாச் சொல்லீருக்காரு!"

செவ்வந்தி அவன் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலி ஒன்றை இழுத்து ரசாக் பாய்க்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"பாய், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சிரிச்சுட்டே சொன்னாருங்களா, கோவத்துல சொன்னாருங்களா?"

அவர் யோசித்தார். தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"தெரியலீங்க அம்மணி. நான் கதவத்தான பாத்துட்டிருந்தேன்."

பன்னிரண்டரைக்கு எடுத்தார்கள். காருக்கு மாலை போட்டு முன்னால் விடுவதாகவும், அக்கா ஏறிக்கொண்டு தெருமுனை வரைக்கும் வரட்டும் என்றும் மோகன்குமார் ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். "நடந்துக்கறேன்னு சொல்லு" என்றாள் செவ்வந்தி. அவன் சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான். கார் நின்ற இடத்திலேயே நின்றது. பெண்களோடு பெண்ணாகத் தெருமுனை வரைக்கும் நடந்தாள். வண்டி மின்மயானத்துப் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் நின்றாள். அவள் அழவில்லை. அதையும் இரண்டு பேர் கவனித்தார்கள்.

திரும்பி வந்து வீட்டைக் கழுவினார்கள். பொணம் போன வீட்டில் அது பெண்கள் வேலை. லோகப்பிரியா உள்ளிருந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தாள், செவ்வந்தி போர்ட்டிகோவில் விளக்குமாறு பிடித்தாள். மூலை அலமாரியில் அப்பாவின் சாமான்கள் வரிசையாக இருந்தன. துடைக்கிற துணிகள், பாலிஷ் டப்பா, பிளக் சுத்தம் செய்ய வைத்திருந்த உப்புத்தாள் கத்தை. துணிகள் ஒவ்வொன்றும் துவைத்து, நாலாக மடித்து, இஸ்திரி போட்டது போல அடுக்கியிருந்தன.

விளக்குமாற்றைக் கீழே போட்டாள். கத்தையிலிருந்து ஒரு தாளை உருவினாள். முழங்கால் வலியால் மயானத்துக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த ரசாக் பாயிடம் போனாள்.

"பாய், இதுல தேச்சாப் போகுங்களா?"

அவர் தாளைப் புரட்டிப் பின்னாலிருந்த நம்பரைப் பார்த்தார். "போகுமுங்க. ஆனாப் போனாப் போனதுதான். அந்தப் பச்சைய இனி நான் கலக்குனாலும் வராது."

"வர வேண்டாமுங்க."

"தம்பி வந்துரட்டுமே அம்மணி. ஒரு வார்த்த கேட்டுப்போட்டு..."

"நான் யாரையும் கேக்கறதில்லீங்க பாய். அது இந்த ஊட்டுக்கே தெரியும்."

ரசாக் பாய் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "தண்ணி ஊத்தீட்டே தேய்க்கோணுமுங்க" என்றார்.

குனிந்து தேய்க்க ஆரம்பித்தாள். முதலில் வறட்டுச் சத்தம்தான் வந்தது, பல் கூசுகிற மாதிரி. கதவில் மேலிருந்து தண்ணீர் வழிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். குளிக்க வைத்த ஈரத் தலையோடு தெய்வாத்தாள் செம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். காலடியில் ஒரு பக்கெட் இருந்தது.

பச்சை, பால் மாதிரிக் கரைந்து இறங்கியது. அப்புறம் செம்மண் நிறம். சுற்றிலும் பெயிண்டு போகப் போக அந்த மூன்று எழுத்தும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன. எட்டு வயசுக் கை அவ்வளவு அழுத்தியிருந்தது. செவ்வந்தி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தேய்த்தாள். தோள் எரிந்தது. வளையல் கதவில் மோதி நெளிந்தது, கழற்றி எறிந்தாள். "கேளு கேளுன்னீங்களே" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். "கேக்காமத்தான் செய்யறேன். எந்திரிச்சு வாங்க. வந்து அடிங்க பாக்கலாம்." தெய்வாத்தாள் தண்ணீர் ஊற்றினாள். தாள் நைந்துபோனது. இன்னொன்றை எடுத்தாள். 'செ' போய்விட்டது. நடுவில் இருந்ததும் போனது. தகடு வெள்ளையாக மினுங்கியது.

கேட் திறந்தது. மயானத்திலிருந்து ஆண்கள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்திருந்தார்கள். முன்னால் மோகன்குமார், தலையும் மீசையும் மழித்து, ஆள் மாறிப்போய் நின்றான். கதவைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

அம்மா செம்பைப் பிடித்திருந்ததையும் பார்த்தான்.

அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு ஏற்றி வைத்திருந்தது. போய்விட்டு வந்தவர்கள் விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் அவரவர் வீட்டுக்குப் போக வேண்டும். கேட்டுக்கும் விளக்குக்கும் நடுவில், நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டு, பச்சையும் சிவப்புமாக ஒரு ஓடை போய்க்கொண்டிருந்தது.

மோகன்குமார் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்து அதைத் தாண்டினான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். யாரும் காரின் பக்கம் திரும்பவில்லை.

தெய்வாத்தாள் குனிந்து பக்கெட்டில் மறுபடியும் மொண்டாள்.