யாருக்குச் சோதனை?

"ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி எழுந்து நில்லு. 'எனக்கு விசுவாசம் பத்தல, மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லு. அப்புறம் பாரு, பிள்ளை தானா வரும்" என்றாள் மாமியார்.

மருமகள் கணவனின் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலர் லேசாகத் தீய்ந்தது.

"சொல்லலைன்னா அத்தை?"

"பெட்டியைக் கட்டு. உங்கம்மா வீட்டுல இருந்து விசுவாசத்தை வளர்த்துக்கிட்டு வா."

விஷயம் இதுதான். சென்ற ஆண்டு போதகர் தம்பதியின் தலையில் கைவைத்து, இந்த வீட்டில் ஆண் குழந்தை பிறக்கும் என்று ஆண்டவரின் வாக்கை அறிவித்தார். மாமியார் அந்த வாரமே தொட்டில் வாங்கிவிட்டாள். வாக்கு ஆண் என்பதால் நீல நிறம். இருந்த ஒரே அறையின் நடுவில் நின்று அது எல்லோர் முழங்காலையும் பதம் பார்த்தது. குழந்தைதான் வரவில்லை. ஆண்டவர் வாக்குத் தவற மாட்டார். போதகர் காதில் தப்பாக விழுந்திருக்காது. மகனோ பெற்ற மகன். மிச்சம் இருப்பது மருமகள்.

அந்த வாக்கை மருமகளும் நம்பினாள். நம்பியதால்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, "உன்கிட்ட ஒரு குறையும் இல்லைம்மா, வீட்டுக்காரரை வரச் சொல்லு" என்றார் டாக்டரம்மா. அவளைச் சோதித்த வரைக்கும் வீட்டில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. மகன் பேச்சு எழுந்ததும்தான் வேதம் நினைவுக்கு வந்தது.

"டெஸ்ட்டாம் டெஸ்ட்டு! கர்த்தரைச் சோதிக்கக் கூடாதுடி!" என்றாள் மாமியார் இப்போதும்.

"கர்த்தரை யாரு அத்தை சோதிக்கச் சொன்னா? உங்க பிள்ளையைத்தான்."

பிள்ளை செருப்பைத் தேடினான். அவன் வேன் டிரைவர். வண்டி வழியில் நின்றால் ஜெபித்துக்கொண்டே மெக்கானிக்குக்குப் போன் போடுகிறவன்.

"என்னங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அம்மா சொல்றதுல என்ன தப்பு? ஒரு நிமிஷம் எழுந்து நிக்கிறதுல உனக்கு என்ன குறைஞ்சு போகுது?"

"அதேதாங்க நானும் கேக்கறேன். உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

அவன் செருப்பு கிடைத்துவிட்டது. போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரம் வந்தது. மாமியார் முழங்கையால் இடித்தாள். மருமகள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய் மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு விசுவாசம் பத்தலன்னு சொல்லச் சொன்னாங்க. பொய் சாட்சி சொல்லப் பயமா இருக்கு. ஆண்டவர் எங்க வீட்டுக்குச் சொன்ன வார்த்தையை நான் நம்பறேன். நம்பித்தான் எல்லாச் சோதனையும் பண்ணிக்கிட்டேன். என்கிட்ட குறை இல்லைன்னுட்டாங்க. நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில நேரம் வாங்கியிருக்கேன். அவர் பயப்படாம வரணும்னு சபையார் ஜெபம் பண்ணிக்கோங்க."

போதகர் இரண்டு முறை இருமினார். ஜெப விண்ணப்பத்தை மறுத்த வழக்கம் அந்தச் சபையில் இல்லை. வேறு வழியில்லாமல் கையை உயர்த்தினார்.

"ஆண்டவரே, இந்த மகன் நாளைக்குத் தைரியமா ஆஸ்பத்திரிக்குப் போக உதவி செய்யும்."

"ஆமென்!" என்றது சபை.

இதற்குப் பின் எப்போதும் சொல்லும் வாக்கியம் ஒன்று போதகருக்கு உண்டு. நிறுத்த நினைப்பதற்குள் அது வாயில் வந்துவிட்டது.

"சத்தம் பத்தலையே! விசுவாசம் இருக்கிறவங்க எல்லாரும் இன்னொரு தடவை சொல்லுங்க!"

தகரக் கூரை அதிர்ந்தது. கைக்குழந்தைகள்கூட அலறின. அவ்வளவு பெரிய கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் ஒரு தாயும் அவள் மகனும் மட்டுமே.