கடைக்கு வந்த போன்

"கடைக்கு ஒரு வெப்சைட் இருந்தா நல்லா இருக்கும்ங்க."

"ம்."

"வெறும் பேருக்கு இல்ல. ஜன்னல் திரைன்னு யாராவது போன்ல தேடினா நம்ம கடை முதல்ல வந்து நிக்கணும். ஆளுங்க என்ன கேப்பாங்களோ அதுக்கெல்லாம் அதுலயே பதில் இருக்கணும்."

"சரி."

"அதுக்கு ஒரு ஆள் முழுசா உட்காரணும். கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்லணும், படம் போடணும்..."

"சரிம்மா, உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி? நீ நிம்மதியா இரு. நான் யாரையாவது வெச்சுப் பாத்துக்கிறேன்."

கணவனோடு இந்தப் பேச்சு நடந்து மாதக்கணக்காகிவிட்டது. ஆனாலும் அண்ணன் வீட்டில் துவைத்த துணியை மடிக்க உட்காரும்போதெல்லாம் அது அவள் காதில் ஓடத் தொடங்கிவிடும். "நீ நிம்மதியா இரு" என்ற இடம் வந்ததும் கையில் இருக்கிற துண்டை இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டுவாள்.

அண்ணி படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டபோது ஒத்தாசைக்கு என்று வந்தவள் அவள். கட்டுப் பிரித்து, அண்ணி கடைவீதிக்கு நடந்தே போய் வரத் தொடங்கிய பிறகும் பெட்டியை எடுக்கவில்லை. ஏன் என்று அண்ணன் கேட்கவில்லை. அண்ணி கேட்காமல் இருப்பாளா?

"என் கால் நேராயிடுச்சு. உன் மூஞ்சிதான் இன்னும் கோணலா இருக்கு. என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"ஒண்ணும் இல்லன்னு சொல்றவளுக்கு ஒன்பது இருக்கும். எடுத்து விடு."

அவள் எடுத்து விட்டாள். அவள் இங்கே வந்த பிறகு கணவன் ஒரு கம்பெனியைப் பிடித்து வெப்சைட் கட்டிவிட்டான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாத்தனார் குடும்பக் குரூப்பில் போட்டுத்தான் அவளுக்கே தெரிந்தது.

"யோசனை சொன்னது நான். கட்டினது யாரோ. எனக்கு அது வந்து சேர்ந்தது எங்க தெரியுமா? ஒரு குட்மார்னிங் பூவுக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் நடுவுல."

அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, கடையில அவரோட உட்கார்ந்து வேலை பாக்கணும்னு உனக்கு ஆசைன்னு அந்த மனுஷன்கிட்ட என்னைக்காவது சொன்னியா?"

"சொன்னாத்தான் தெரியுமா? கல்யாணத்துக்கு முன்னாடி நாள் பூரா போன்ல ஜனங்களுக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்கினவ நான். அது அவருக்குத் தெரியாதா?"

"அழுத பிள்ளைக்குத்தான் பால். நீ அழவும் மாட்ட, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா பால்காரனுக்கு எப்படித் தெரியும்?"

கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பு இல்லை என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். கணவன் கெட்டவன் இல்லை. அவளை வேலை வாங்காமல் இருப்பதுதான் பாசம் என்று நம்புகிறவன். எதற்கும் "சரி" என்பவன். அண்ணி அவனுக்கு "சரி சார்" என்றே பெயர் வைத்திருந்தாள்.

அன்று மாலை அண்ணியும் அவளும் அந்த வெப்சைட்டைத் திறந்து பார்த்தார்கள். முதல் படத்தில் ஒரு மாளிகை. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, அதற்கப்பால் நீலக் கடல், சோபாவில் ஒரு வெள்ளை நாய்.

"இது யாரு வீடு?"

"யாருக்குத் தெரியும்? நாயைக் கேட்டாத்தான் உண்டு."

கீழே "உன்னத வாழ்வுக்கு உயர்தரத் திரைத் தீர்வுகள்" என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே, வாடிக்கையாளர் கருத்து என்ற இடத்தில், ஐந்து ஐந்து நட்சத்திரமாகக் குடும்பமே வரிசையில் நின்றது. நாத்தனாரின் ஏற்பாடு. "எங்கள் பிள்ளை தங்கமான குணம்" என்று ஒரு சித்தப்பா. "தம்பி சின்ன வயசிலேயே கெட்டிக்காரன், ஆனால் சரியாகச் சாப்பிட மாட்டான்" என்று ஓர் அத்தை. திரைச்சீலை என்ற சொல் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

"கடைக்குக் கூட்டம் சேர்க்கிறாங்களா, பொண்ணு பாக்கிறாங்களா?" என்றாள் அண்ணி.

அந்த வாரத்தில்தான் முதல் போன் வந்தது. தெரியாத எண். களைத்த பெண் குரல்.

"திரைக் கடைங்களா? உங்க வெப்சைட்ல பாத்தேன். அந்த மாதிரி பெரிய ஜன்னலுக்கு மட்டும்தான் தைப்பீங்களா? என்னோடது சின்ன ஜன்னல்ங்க."

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. எப்போதோ கடையை மேப்பில் பதிந்தது அவள்தான். துணி வெட்டும்போது கணவன் போனை எடுக்க மாட்டான் என்று தன் எண்ணையே போட்டிருந்தாள். கம்பெனிக்காரர்கள் அதையே பார்த்து வெப்சைட்டிலும் ஏற்றிவிட்டார்கள்.

"இது தப்பு நம்பர்" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பழைய பழக்கம் முந்திக்கொண்டது.

"எந்த ஜன்னலா இருந்தாலும் தைப்போம். உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி முழுக்க வேலை, பகலில்தான் தூக்கம். எந்தத் திரை போட்டாலும் ஓரத்தில் வெளிச்சம் கோடு போட்டு வந்து கண்ணில் விழுகிறதாம். "தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுங்களா?" என்றபோது குரல் உடைந்தது.

அவள் கணவனுக்குச் செய்தி அனுப்பினாள். நலமா, சுகமா எதுவும் இல்லாமல், முறுக்காகவே. "கடைக்கு வந்த போன் என் நம்பருக்கு வருகிறது. நர்ஸ். பகலில் தூங்க வேண்டும். ஓரத்தில் வெளிச்சம் வரக் கூடாது. என்ன சொல்ல?"

"சரி" என்று வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது ஒரு பத்தி. துணி விஷயம் என்றால் அவனுக்கு வாய் முளைத்துவிடும். கம்பியை ஜன்னலைவிட இரண்டு பக்கமும் ஒரு சாண் நீட்ட வேண்டும். கம்பியின் முனையைச் சுவரை நோக்கி வளைத்துவிட்டால் ஓரத்துச் சந்து அடைபடும். உள் துணி கெட்டியாக இருக்க வேண்டும், கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. கடைசியில், "பாவம், நாளைக்கே போய் அளவு எடுக்கிறேன்."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். துணியைப் பற்றித்தான் எழுதியிருந்தான். ஆனாலும் படித்தாள்.

திரை மாட்டியதும் நர்ஸிடம் ஒரு படம் கேட்டாள். வந்த படத்தில் சின்ன ஜன்னல், அதை முழுக்க மூடிய பச்சைத் திரை, பக்கத்தில் மின்விசிறி. நட்டநடுப் பகலில் விளக்குப் போட்டு எடுத்த படம், ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம்கூட இல்லை. அவள் கணவனிடம் வெப்சைட்டின் பாஸ்வேர்டு கேட்டாள். "எனக்கு இது ஒண்ணும் புரியல, நீயே பாரு" என்று அனுப்பிவிட்டான். கடலையும் நாயையும் இறக்கினாள். அந்த இடத்தில் பச்சைத் திரையை ஏற்றினாள். "உன்னத வாழ்வை" அழித்துவிட்டு, நர்ஸ் கேட்ட கேள்வியை அவர் கேட்டபடியே எழுதினாள்: பகலில் தூங்க வேண்டும், ஓரத்தில் வெளிச்சம் வராமல் திரை போட முடியுமா? கீழே கணவனின் பத்தி.

அவ்வளவுதான் சூட்சுமம். ஜனங்கள் "தீர்வு" தேடுவதில்லை. தூக்கம் வராதபோது எந்த வார்த்தை வாயில் வருகிறதோ அதைத்தான் போனில் தட்டுகிறார்கள். அதே வார்த்தை அந்தப் பக்கத்தில் இருந்தால் வந்து விழுகிறார்கள். நர்ஸின் தோழி வந்தார். பிறகு ராத்திரிக் காவல் வேலை பார்க்கும் ஒருவர். பிறகு கைக்குழந்தைக்காரி. ஒவ்வொருவரும் ஒரு கேள்வியோடு வந்தார்கள். ஜன்னலில் ஏசிப் பெட்டி துருத்திக்கொண்டிருந்தால் என்ன செய்வது? வாடகை வீட்டில் சுவரில் ஓட்டை போடாமல் மாட்ட முடியுமா? பூனை திரையில் ஏறுகிறது, எந்தத் துணி தாங்கும்? ஒவ்வொன்றுக்கும் அவள் கணவனைக் கேட்டாள். பூனைக்கு மட்டும் அவனிடமும் விடை இல்லை. "பூனையைத்தான் மாத்தணும்" என்று எழுதினான். அவன் வேடிக்கையாக எழுதியதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதையும் அப்படியே ஏற்றினாள். அந்தப் பக்கத்தைத்தான் ஊரே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டது.

சொந்தக்காரர்களின் நட்சத்திரங்களை என்ன செய்வது என்பதுதான் பெரிய பாடு. நாத்தனாரே போனில் வந்தாள்.

"அண்ணி, சித்தப்பா எழுதினதை எடுக்கப் போறீங்களாமே? மனுஷன் மூணு நாளா சாப்பிடல."

"உங்க சித்தப்பா கடையில ஒரு கைக்குட்டையாவது வாங்கியிருக்காரா?"

"அதெல்லாம் பாத்தா சொந்தம் எப்படி அண்ணி?"

"இருக்கட்டும். ஒரு ஜன்னலுக்குத் திரை போட்டுட்டு, அப்புறம் எழுதச் சொல்லுங்க."

சித்தப்பா ரோஷத்தில் ஆறு ஜன்னலுக்குப் போட்டார்.

பிறகு வந்தது ஒரு மூன்று நட்சத்திரம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: "திரை அருமை. மாட்ட வந்தவர் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று மூன்று முறை கேட்டேன். எனக்குக் காது கேட்கவில்லையோ என்று பயந்துவிட்டேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். கடையின் சார்பில் அவள் கீழே பதில் எழுதினாள்: "மன்னிக்கவும் ஐயா. எங்கள் கடைக்காரர் பேச்சில்தான் சிக்கனம், துணியில் இல்லை. அடுத்த முறை வரும்போது தண்ணீர் வாங்கிக் குடிக்கச் சொல்கிறோம்."

மறுநாள் கடையில் தைக்கிற அம்மாளிடமிருந்து போன் வந்தது. "கண்ணு, நீ எழுதினதை உங்க வீட்டுக்காரர் எனக்குப் படிச்சுக் காமிச்சாரு. ரெண்டு வாட்டி! கத்திரிக்கோலைக் கீழ வெச்சுட்டுச் சிரிக்கிறாரு. இத்தனை வருஷத்துல அந்த ஆளோட பல்லை இன்னைக்குத்தான் பாத்தேன்."

அதற்குப் பிறகு கணவனின் செய்திகள் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டன. அளவுக் கணக்கின் அடியில் "சாப்பிட்டியா?" என்று வந்தது. அவளும் நூல் நிறத்தை எழுதிவிட்டு அடியில் "நீங்க?" என்றாள். பேச்சு வளர்ந்தது. ஆனால் வந்துவிடு என்று அவனும் சொல்லவில்லை. வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை.

"ரெண்டு பேரும் ஊரான் ஜன்னலையெல்லாம் மூடுறீங்க. உங்க வீட்டுக் கதவை யாரு திறக்கிறது?" என்றாள் அண்ணி.

"அவர் கேக்கட்டும்."

"கேக்காம தானா வர்றது தும்மல் ஒண்ணுதான்டி."

ஒரு மத்தியானம், அவள் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறைகளுக்கான கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். இதுவரை வந்ததிலேயே பெரிய வேலை அது. பாதிக் கணக்கில் கணவன் பேசினான். செய்தி அனுப்பவில்லை, போனே போட்டுவிட்டான்.

"ஏம்மா, உன் போனுக்கு இப்ப ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் சொல்றியா? கம்பெனிக்காரர் பக்கத்துல இருக்காரு."

"எதுக்குங்க?"

"கடை நம்பரை மாத்தறோம். இனிமே எல்லா போனும் எனக்கே வந்துடும். பழைய நம்பர் உன்னோடதுங்கிறதால, உனக்கு வர்ற நம்பரைச் சொன்னாத்தான் மாத்த முடியுமாம்."

அவள் கையிலிருந்த பேனா நின்றது. "ஏன் மாத்தணும்?"

"உன் அண்ணன் சொன்னாரு, சாப்பிட உட்கார்ந்தாக்கூட நீ போனைக் கீழ வெக்கிறதில்லன்னு. எனக்குக் கேக்கவே சங்கடமா இருந்துச்சு. எவ்வளவு பாடுபட்டுட்ட. போதும்மா. இனிமே நீ..."

மேற்கொண்டு அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும்.

போனின் மேல்பக்கத்தில் அந்த ஆறு எண்கள் வந்து நின்றன. படித்துவிட்டால் முடிந்தது. நாளையிலிருந்து போன் அடிக்காது. நர்ஸ் இல்லை, பூனை இல்லை, தபால்காரர் இல்லை. அளவுக் கணக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்த "சாப்பிட்டியா" இல்லை. கோபமாகச் செய்திருந்தால் சண்டை போடலாம். இந்த மனுஷன் இவ்வளவு பெரிய காரியத்தை அன்பாக அல்லவா செய்கிறான்!

பின்னால் வேறொரு குரல் கேட்டது. "மேடம், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க. கொஞ்ச நேரத்துல அது செல்லாமப் போயிடும்."

"போகட்டும்," என்றாள் அவள்.

"என்னது?" என்றான் கணவன்.

வாசலில் துடைப்பத்தோடு நின்ற அண்ணி பெருக்குவதை நிறுத்தினாள்.

அந்நியர்களோடு இத்தனை பேச்சுப் பேசியவள், சொந்தப் புருஷனிடம் ஒரு வாக்கியத்துக்குத் தடுமாறினாள். சித்தப்பாவின் ரோஷத்தைச் சமாளித்த வாய்தானே இது? இதற்கு என்ன வந்தது?

"ஏம்மா, லைன்ல இருக்கியா? வேணும்னா அந்த நம்பரை இன்னொரு தடவை அனுப்பச் சொல்லட்டுமா?"

"அனுப்ப வேண்டாம். நான் சொல்றதை மட்டும் கேளுங்க. சரின்னு சொல்றதுக்கு முன்னாடி முழுசா கேளுங்க."

அந்தப் பக்கம் தையல் இயந்திரம் ஓய்ந்தது. யாரோ நாற்காலியை நகர்த்திக்கொண்டு வெளியே போகும் சத்தம் கேட்டது.

"கேக்கிறேன்," என்றான் அவன்.

"எனக்கு இது பாடு இல்லைங்க. இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேக்கணும்னு நெனச்சேன். நீங்களா புரிஞ்சுக்குவீங்கன்னு பேசாம இருந்துட்டேன்." ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "நான் உங்க கூட கடையில உட்காரணும். வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க."