ஓடைக்கரை ஆண் மரம்

"கட்டுரை வெளியாகிவிட்டது. இனி யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்" என்று என் ஆராய்ச்சி கைடு ஹரிஹரசுப்பிரமணியன் சார் பெங்களூரிலிருந்து போனில் சொன்னார். மறுநாள் காலை தென்காசியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, குற்றாலத்துக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்துக்கு ஏறினேன். சாரல் முகத்தில் அடித்தது. ஆறு மாதமாக அடக்கி வைத்ததைச் சொல்லப்போகிறேன் என்று அப்படியொரு சந்தோஷம். கொழுப்பு, வேறென்ன.

தோட்டத்து ஓடையோரம் காட்டுச் சாதிக்காய் மரங்கள் ஏழு இருந்தன. மலைக்கு இந்தப் பக்கம் அந்த இனம் வேறெங்கும் இல்லை. ஆறு காய்க்கும், ஏழாவது ஆண், மகரந்தம் தருவதோடு சரி. பக்கத்திலேயே வரிசையாக நட்டிருந்த தோட்டத்துச் சாதிக்காயிலும் ஆண் மரங்கள் நின்றன. ஆகவே, காட்டுக் காய்களுக்கு அப்பன் யார் என்பதுதான் என் ஆராய்ச்சி. இருநூறு விதைகளின் டிஎன்ஏவைப் பார்த்தேன். தோட்டத்து மரங்களின் வாடைகூட இல்லை. இருநூறுக்கும் அப்பன் அந்த ஏழாவது மரம் ஒன்றுதான்.

"மூச்சு விடாதே" என்றார் சார். இதே வேலையில் இன்னொரு குழுவும் இருந்தது. விஷயம் நாலு காது தாண்டி அவர்களுக்கு எட்டினால் முந்திக்கொள்வார்கள், என் நாலு வருஷப் படிப்பு அம்போ.

விதை பொறுக்கித் தந்தவர் தோட்டத்துக் கங்காணி சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி. காலெல்லாம் அட்டை கடிக்க, மரத்துக்கு ஒரு பை என்று ஒரு விதை மாறாமல் தந்தார். தை மாதம் ஒருநாள் கேட்டார்.

"டெஸ்ட்ல என்ன மேடம் வந்துச்சு?"

"இன்னும் முடியலை அண்ணாச்சி." முகத்தைப் பார்த்தே சொன்னேன். "அதுவரைக்கும் இந்த மரங்களையும் உங்க தோட்டம் மாதிரி பாத்துக்கோங்க."

இன்று என்னைக் கண்டதும் அவரே முன்னால் நடந்தார்.

"வாங்க மேடம், ஒங்க மரத்த வந்து பாருங்க. பூவா கொட்டிக் கெடக்கு."

ஆறு மரங்களும் பளிச்சென்று நின்றன. கொடிகளை அறுத்து, அடியைக் கொத்தி, மண் அணைத்திருந்தார். ஏழாவது நின்ற இடத்தில் வெறும் அடிக்கட்டை. வடிந்த சிவப்புப் பால் காய்ந்து கறுத்திருந்தது.

"இங்க இருந்த மரம் எங்க அண்ணாச்சி?"

"அதச் சித்திரையிலயே எடுத்துட்டேன். ஆண் மரந்தான? வெளிச்சத்த மறைச்சிக்கிட்டு நின்னுச்சி. திரும்பத் துளுக்காம பட்டையையும் உரிச்சாச்சு. நம்ம தோட்டத்துல பத்துக்கு ஒரு ஆண்தான விடுதோம்? அங்கன பாருங்க, கூப்பிடு தூரத்துல எட்டு நிக்கி. அது போதாதா?"

கொஞ்சம் விலகிப் போய் சாருக்குப் போன் போட்டேன். அவர், "சாம்பிள் எடுத்தப்போ மரம் இருந்ததே? கட்டுரைக்கு ஒண்ணும் பாதகமில்லை. அதோட டிஎன்ஏ நம்ம ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கு" என்றார். அதை வைத்து நாக்கு வழிக்கலாம். அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தது அவர் இல்லையே.

அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டத்து இனமும் காட்டு இனமும் ஒட்டாது, அந்த எட்டு மரங்களும் இந்த ஆறுக்கு உதவாது, முளைத்த கன்றுகளை எப்போதும்போல மிளா மான் தின்றுவிட்டது, இனி முளைக்க விதை வராது என்று சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். காலடியில் கிடந்த பூக்களைப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு பூவும்?"

"சும்மா உதிர்ந்துடும் அண்ணாச்சி."

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல இனி எதுவும் மிச்சமில்லை. "மார்கழியில."

கையிலிருந்த மைசூர்பாகுப் பொட்டலம் நனைந்து பிசுபிசுத்தது. அவர் அடிக்கட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்.

"நான் தையில கேட்டேன்லா, மேடம்."