ரெல்யா முந்திக்கொண்டான்

நோவி சாத் நகரத்தில், டான்யூப் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி ஒப்ராத்தின் இணையதள நிறுவனம் இருந்தது. அது ஆரம்பித்த நாளிலிருந்து நெவென்கா அங்கே வேலை செய்கிறாள். ஒரு தளத்தை எதை வைத்துக் கட்டுவது என்று முடிவெடுக்க வேண்டுமென்றால், ஒப்ராத் காப்பியோடு அவள் மேசைக்குத்தான் வருவார். ரெல்யா சேர்ந்த பிறகு அந்தக் காப்பி அவன் மேசைக்குப் போக ஆரம்பித்தது.

ரெல்யாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. கெட்டிக்காரன், கலகலப்பானவன். அந்த அலுவலகத்தில் முதலாளியைக்கூட எல்லோரும் 'நீ' என்றுதான் பேசுவார்கள். ரெல்யாவும் அப்படித்தான். நெவென்காவை மட்டும் 'நீங்க' என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவளுக்கோ ஒவ்வொரு முறையும் தன்னைக் கிழவி என்று கூப்பிடுவதுபோல இருந்தது. அவன் பேச்சுக்கு மற்றவர்கள் சிரிக்கும்போது அவள் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். அதில் பாட்டு எதுவும் ஓடாது.

அந்த வசந்தத்தில் காய்கறிச் சந்தைக்காரர்கள் ஒரு வேலை கொடுத்தார்கள். வியாபாரிகள் தங்கள் கடையிடத்தைப் போனிலேயே பிடிக்க வேண்டும். திரையில் சந்தையின் வரைபடம். ஓர் இடத்தைத் தொட்டால் அது தொட்டவருக்கு. மற்றவர்கள் திரையில் அந்தக் கணமே அது சிவப்பாக மாற வேண்டும்.

"எதை வச்சு செய்யலாம்னு ரெண்டு பேரும் யோசிச்சுட்டு வாங்க" என்றார் ஒப்ராத்.

நெவென்கா யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தை சர்வரிலேயே தயாரித்து அனுப்பிவிட்டு, வரைபடத்துக்கு மட்டும் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் வைத்தால் போதும். பழைய போனிலும் சட்டென்று திறக்கும்.

கூட்டத்தில் ரெல்யா முதலில் பேசினான். "நேத்து சந்தைக்குப் போய்ப் பாத்தேன். எல்லார்கிட்டயும் பழைய போன்தான். அந்தத் தகரக் கூரைக்குக் கீழ சிக்னலும் சரியில்ல. அதனால பக்கத்தை சர்வர்லயே செஞ்சு அனுப்பிடலாம். வரைபடத்துக்கு மட்டும் கொஞ்சம் ஸ்கிரிப்ட்."

அவள் மனதில் இருந்தது அப்படியே அவன் வாயிலிருந்து வந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். ஒப்ராத்தின் முகம், மகன் பரிசு வாங்கியதுபோல மலர்ந்தது. நெவென்காவின் காதுமடல் சுட்டது.

"நீ என்ன சொல்ற, நெவென்கா?"

'நானும் அதேதான் நினைச்சேன்' என்று சொல்லியிருக்கலாம். அவன் பின்னால் போய் நிற்பதுபோல இருக்கும் என்று தோன்றியது.

"எனக்கு அது சரியாப் படல" என்றாள். "ரியாக்ட்லதான் கட்டணும். மொத்தத்தையும் பிரவுசர்லயே ஓட விடணும். இன்னிக்கு வரைபடம் கேப்பாங்க, நாளைக்கு அரட்டை கேப்பாங்க, அடுத்த வருஷம் தனி ஆப் கேப்பாங்க. அப்ப எல்லாத்தையும் இடிச்சுட்டா கட்டுவ?"

ரியாக்டில் கட்டினால் கனமான ஸ்கிரிப்ட் முழுவதும் போனில் இறங்கி அங்கேயே ஓட வேண்டும், பழைய போனுக்கு அது பாரம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பேசப் பேச அவளுக்கே நம்பிக்கை வந்தது. முடித்ததும் ஒப்ராத், "இத்தனை வருஷ அனுபவம் பேசுது. ரியாக்டே இருக்கட்டும்" என்றார்.

ரெல்யா முகம் சுளிக்கவில்லை. "இவ்ளோ தூரம் நான் யோசிக்கவேயில்ல. உங்ககிட்ட கத்துக்க நிறைய இருக்கு" என்றான். அவன் கோபப்பட்டிருந்தால் அவள் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாள்.

கோடைக்குள் கட்டி முடித்தார்கள். அலுவலகக் கணினிகளில் அது பட்டுபோல ஓடியது. ஒரு சனிக்கிழமை காலை மூவரும் வேனில் சந்தைக்குப் போனார்கள். பக்கத்து ஊரான ஃபுதோக்கிலிருந்து முட்டைக்கோஸ் கொண்டுவரும் யாகொதாவிடம், விரிசல் விட்ட தன் போனிலேயே பார்க்கச் சொன்னார்கள். திரை வெள்ளையாக நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது.

"என்னடி பொண்ணே இது, சுத்திக்கிட்டே இருக்கு?" என்றாள் யாகொதா. "எனக்குத்தான் தலைசுத்தல்னு நெனச்சேன், உன் போன் மந்திரத்துக்குமா?"

கடைசியில் வரைபடம் திறந்தது. அவள் தொட்ட மூலையிடம் பச்சையாக, காலி என்றுதான் தெரிந்தது. அங்கே, அந்த இடத்தை ஏற்கெனவே போனில் பிடித்திருந்த ஒரு மிளகாய் வியாபாரி பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். இருவரும் போட்ட சத்தத்தில் பாதிச் சந்தை கூடிவிட்டது.

திரும்பும் வழியில் ஒப்ராத் வண்டியை ஓட்டியபடி, "ரெல்யா, நீ சொன்னதையே கேட்டிருக்கணும்" என்றார்.

"இல்ல ஒப்ராத், அவங்க சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. யாருக்கு முன்கூட்டியே தெரியும்?" என்றான் ரெல்யா.

அவன் தனக்காகப் பரிந்து பேசியதை நெவென்காவால் தாங்க முடியவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள். "நீ வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே தெரியும். நானும் அதையேதான் சொல்ல வந்தேன். நீ முந்திக்கிட்ட. அதான் மாத்திச் சொன்னேன்."

ஒப்ராத் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். ரெல்யா மெல்லத் திரும்பிப் பார்த்தான். முதல்முறையாக அவன் முகத்தில் சிரிப்பில்லை.

"அப்ப இத்தனை மாசம் ராத்திரி பகலா நான் எழுதுனது?"

"வீண்தான்."

"என்மேல அப்படி என்ன கோவம்?"

"கோவமில்ல, பொறாமை" என்றாள் நெவென்கா. சொன்னதும் உடம்பு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை.

அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. எல்லாவற்றையும் இடித்து, முதலில் இருவரும் நினைத்த வழியிலேயே மறுபடி கட்டினார்கள். கடினமான பகுதிகளை நெவென்கா தானே கேட்டு வாங்கி எழுதினாள். இலையுதிர் காலத்தில் வியாபாரிகள் சண்டையில்லாமல் இடம் பிடிக்க ஆரம்பித்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் ரெல்யாவின் படம் வந்தது. அன்று அவள் பத்திரிகை வாங்கவில்லை.

பனிக்காலத்தில் ஒரு படகுப்போட்டிக் கழகம் வந்தது. துடுப்புப் போடுபவர்களின் வேகமும் நாடித்துடிப்பும் திரையில் நொடிக்கு நொடி மாற வேண்டும். ஆற்றின் நடுவே சிக்னல் போனாலும் ஓட வேண்டும்.

"இதுக்கு ரியாக்ட்தான். மொத்தமும் பிரவுசர்லயே ஓடணும்" என்றாள் நெவென்கா. இந்த முறை மனதார நம்பித்தான் சொன்னாள்.

ஒப்ராத் அவளைப் பார்க்காமல் ரெல்யாவைப் பார்த்தார். ரெல்யா சற்று யோசித்து, "சரிதான்" என்று தலையாட்டினான். அதற்குப் பிறகுதான் ஒப்ராத் எழுதிக்கொண்டார்.

நெவென்காவின் காதுமடல் சுட்டது. கணினியைத் திறந்து வேலையை ஆரம்பித்தாள்.