இருபத்தொரு முறை

அடுத்த மாதத்து அட்டவணையைச் சின்னவள் பீரோக் கதவில் ஒட்டினாள். அப்பா பக்கவாதத்தில் விழுந்து ஒன்பது மாதமாகிறது. அவரைப் பார்த்துக்கொள்ள காலை, மாலை, இரவு என்று நாளுக்கு மூன்று முறை, வாரத்துக்கு இருபத்தொன்று. அண்ணன், அக்கா, அவள். ஆளுக்கு ஏழு, மீதி வராத கணக்கு. மகனுக்குச் சலுகையும் இல்லை, மகளுக்குக் கூடுதல் சுமையும் இல்லை. மாலை வகுப்பில் சமத்துவம் பற்றிப் பாடம் நடந்தபோது, ‘எங்கள் வீட்டில் செய்துவிட்டோம்’ என்று நோட்டின் ஓரத்தில் எழுதினாள். பிறகு, அதிகப்படியோ என்று தோன்றி அடித்துவிட்டாள்.

அண்ணி குளியலறையிலிருந்து அலசிய படுக்கை விரிப்போடு வந்து ஒரு முனையை நீட்டினாள். இருவரும் எதிரெதிரே நின்று முறுக்கினார்கள். அன்று மாலை அண்ணனின் முறை. பஸ் டூட்டி முடிந்து அவன் இன்னும் வரவில்லை.

“அந்தத் தாள்ல நான் எங்க இருக்கேன்?” என்றாள் அண்ணி. குரலில் சண்டை இல்லை.

“அண்ணன் இருக்காரே, அண்ணி.”

“இருக்காரு. மாமாவுக்கு அவரு கடைசியா எப்போ துணி மாத்தினாரு?”

சின்னவள் யோசித்துப் பார்த்தாள். அண்ணிக்குக் காய்ச்சல் வந்த அன்று.

“அந்த ஏழும் நான்தான். உங்கக்காவுக்கு ஆபீஸ்ல ஆடிட்னா அதுவும் நான்தான். உனக்குப் பரீட்சைன்னா அதுவும். ஆஸ்பத்திரியில ஆயாவுக்குக்கூட ஒரு கட்டம் போட்டிருப்பாங்கம்மா.”

பங்கிடுவது எப்படி என்று வகுப்பில் இரண்டு மணி நேரம் விவாதித்திருந்தார்கள். முதலில் தலையை எண்ண வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

“உங்க பேரையும் போட்டுடறேன். நாலு பேரு...” இருபத்தொன்றை நான்கால் வகுத்தாள். ஐந்து, மீதி ஒன்று. அந்த ஒன்றை யார் தலையில் கட்டுவது என்று மனம் அதற்குள் தேட ஆரம்பித்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“போட்டா அஞ்சுதான் செய்வேன். ஆறாவது செய்ய மாட்டேன். அவரு அஞ்சை அவரேதான் செய்யணும். நீ சொல்லுவியா அவர்கிட்ட?”

அண்ணன் வராவிட்டால் அந்த மாலைகள் யாரிடம் வரும் என்று சின்னவளுக்குத் தெரியும். வாரத்தில் மூன்று மாலை வகுப்பு. இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

அண்ணன் உள்ளே வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தான். “யப்பா, இடுப்பு கழண்டு போச்சு.” கண்ணை மூடிக்கொண்டான். ஸ்டியரிங் பிடித்த விரல்கள் மடியில் பாதி மடங்கியபடியே கிடந்தன.

அறைக்குள் அப்பா முனகினார். புரட்டிப் படுக்கவைக்கும் நேரம்.

“அப்பா கூப்பிடறாரு. யாராவது பாருங்களேன்,” என்றான் அண்ணன், கண்ணைத் திறக்காமலே.

அண்ணி நகரவில்லை. விரிப்பின் முனையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். தண்ணீர் இருவர் காலிலும் சொட்டியது.

“அண்ணா,” என்றாள் சின்னவள்.

“ம்.”

உள்ளே அப்பா மறுபடி முனகினார், இம்முறை கொஞ்சம் சத்தமாக. அண்ணன் ஒரு கண்ணைத் திறந்து, தரையில் பரவும் ஈரத்தையும், நடுவில் முறுக்கேறி நிற்கும் துணியையும், அதை விடாமல் பிடித்திருக்கும் நான்கு கைகளையும் பார்த்தான்.